பந்து கோட்டைத் தாண்டியதும் விசில் ஊதலாமா? டிரிபிளிங், பின்பாதி விதிகள்: புதிய நடுவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

கூடைப்பந்து நடுவராகப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஃபவுலை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உடம்பும் உடம்பும் மோதுகிற இடம் அது. இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கருத்து வரும். டிரிபிளிங்கும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது) பின்பாதி விதியும் (எதிரணிப் பாதிக்குக் கொண்டுபோன பந்தைத் தன் பாதிக்குத் திருப்பி எடுத்து வரக்கூடாது என்பது) அப்படியில்லை. விதிப்புத்தகத்தில் இவற்றுக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. இருந்தும் இளையோர் ஆட்டங்களில் இந்த இரண்டிலும்தான் அநியாயமாகப் பந்து கைமாறுவதைப் பார்க்கிறேன். பார்க்க ஏதோ விபரீதமாகத் தெரிந்தவுடன் மூச்சு தானாக விசிலுக்குள் போய்விடுகிறது. அதுதான் காரணம்.

மொரீஷியஸில் இதற்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு. ரோஸ் ஹில்லோ வாக்வாவோ, எந்த ஊர் மைதானமானாலும் ஓரத்தில் நிற்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு பையன் பந்தைக் கொஞ்சம் உயரமாகத் தட்டினால் 'மார்ஷே!' (பந்தோடு நடந்துவிட்டான்) என்று ஒரு குரல். பந்து நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் உருண்டால் 'ரெத்தூர்!' (பின்பாதிக்குத் திரும்பிவிட்டது) என்று பத்துக் குரல். அந்தச் சத்தத்துக்கு நடுவே நிதானமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், கேட்க வேண்டிய கேள்விகள் முன்கூட்டியே மனதில் இருக்க வேண்டும். பந்து யார் கட்டுப்பாட்டில் இருந்தது? கடைசியாகத் தொட்டது யார்? அவர் கால் எங்கே இருந்தது? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் ஊதப்படும் விசில் ஊகம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நடக்கும் ஆட்டங்கள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படி நடப்பவை. இரவில் தொலைக்காட்சியில் பார்க்கும் அமெரிக்க என்பிஏ ஆட்டத்துக்கு விதிப்புத்தகமே வேறு. அதில் கால்பகுதிக்கு 12 நிமிடம், நமக்கு 10. அங்கே பார்த்ததை வைத்து இங்கே வாதாடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். கீழே வருவதெல்லாம் ஃபிபா கணக்கு.

டிரிபிளிங்: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளில் டிரிபிளிங் என்பதே கிடையாது. பந்தைப் பிடித்தவர் அதை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பதுதான் விதி. எதிராளி சூழ்ந்துகொண்டபோது வீரர்கள் பந்தைக் கீழே விட்டுத் தாங்களே திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தந்திரம் நாளடைவில் ஆட்டத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் மாறக்கூடாது என்பதே அடிப்படை. டிரிபிளிங் அதற்குக் கொடுக்கப்பட்ட ஒரு சலுகை. ஒருமுறை பயன்படுத்தி முடித்தால், பந்து தன் கட்டுப்பாட்டை விட்டுப் போய் வரும்வரை மறுபடியும் கிடைக்காது. இப்படிப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உயிருள்ள பந்தை, அதாவது ஆட்டத்தில் இருக்கும் பந்தை, தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்த ஒருவர் அதைத் தரையில் எறிந்தோ, தட்டியோ, உருட்டியோ, துள்ளவிட்டோ, வேறு எவர் மேலும் படுவதற்குள் மறுபடியும் தொட்டால் டிரிபிளிங் தொடங்கிவிட்டது. முடிவது இரண்டு விதத்தில். ஒன்று, இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் பந்தைத் தொடுவது. மற்றது, ஒரு கையிலோ இரு கைகளிலோ பந்து தங்கி நிற்பது. இந்தத் 'தங்கி நிற்பது' என்பதில்தான் கேரி எனப்படும் மீறலும் அடங்கியிருக்கிறது. கை பந்தின் அடியில் போய், பந்து ஒரு கணம் உள்ளங்கையில் உட்கார்ந்து, பிறகு மறுபடியும் தரைக்குப் போனால் முதல் டிரிபிளிங் முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் புதியவர்கள் உயரத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பந்து தோள் உயரத்துக்குத் துள்ளினாலும் தலைக்கு மேலே போனாலும் தப்பில்லை. உயரத்துக்கு விதியில் வரம்பே கிடையாது. டிரிபிளிங் நடக்கும்போது பந்தை மேலே தூக்கிப் போடவும் செய்யலாம். அவர் கை மறுபடி படுவதற்குள் பந்து தரையையோ இன்னொரு வீரரையோ தொட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்து கையில் படாத நேரத்தில் எத்தனை அடி எடுத்து வைத்தாலும் கணக்கில்லை. நல்ல ஆட்டக்காரர் ஒரே தட்டில் பந்தை முன்னே தள்ளிவிட்டு நாலைந்து எட்டில் போய் எடுப்பார். அதைப் பார்த்து 'மார்ஷே' என்று கத்துகிறவர்கள் கத்தட்டும். உங்கள் கண் உள்ளங்கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், கை நழுவுவது. இதுதான் நேரம் எடுத்துப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கியூர்பிப் பக்கம் திறந்தவெளி மைதானங்களில் திடீரென்று தூறல் விழும். பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஒரு பெண் பாஸை வாங்கப் போகிறாள். பந்து விரல்களில் பட்டுக் கீழே விழுந்து ஒருமுறை துள்ளுகிறது. அவள் எட்டி எடுக்கிறாள். பிறகு தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் போகிறாள். எதிரணி பெஞ்சிலிருந்து டபுள் டிரிபிளிங் என்று குரல் வரும். மீறல் இல்லை. முதலில் பந்து துள்ளியபோது அது அவள் கட்டுப்பாட்டில் இல்லவே இல்லை, தற்செயலாக நழுவியது. கட்டுப்பாடு இல்லாமல் டிரிபிளிங் தொடங்க முடியாது. ஆகவே அவள் பிறகு தட்டியதுதான் முதலாவது.

அதே பெண் டிரிபிளிங்கை முடிக்கும்போது நழுவவிட்டால்? இரண்டு கையாலும் பந்தைப் பிடிக்கப் போகிறாள், அது நழுவி ஓடுகிறது. ஓடிப்போய் எடுக்கலாம்; அதுவும் மீறல் இல்லை. ஆனால் எடுத்த பிறகு மறுபடியும் தட்ட முடியாது. அவளுடைய சலுகை தீர்ந்துவிட்டது. பாஸ் கொடுக்கலாம், கூடைக்கு எறியலாம். ஆக, நழுவலைப் பார்த்ததும் நடுவர் மனதில் எழ வேண்டிய கேள்வி: நழுவியது முன்னாலா, பின்னாலா? முன்னால் என்றால் அவள் தட்டலாம். பின்னால் என்றால் தட்டக்கூடாது. இரண்டிலும் நழுவலுக்காக ஊதுவதற்கு எதுவும் இல்லை. வேண்டுமென்றே பந்தை விட்டுவிட்டு நழுவியதுபோல் நடிக்கிறவர்களும் உண்டு. விரல்கள் பந்தைத் துரத்துகின்றனவா, தள்ளுகின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒருமுறை முடித்தவர் மறுபடியும் தட்ட வேண்டுமானால் இடையில் பந்தின் கட்டுப்பாடு அவரை விட்டுப் போயிருக்க வேண்டும். அது மூன்று வழியில் நடக்கலாம்: கூடைக்கு எறிந்தது, எதிராளி பந்தைத் தொட்டது, கொடுத்த பாஸோ நழுவிய பந்தோ இன்னொரு வீரர் மேல் பட்டது. இதில் கடைசி வழியை நம் நடுவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஒருவர் டிரிபிளிங்கை முடித்து நின்று, சக வீரருக்குப் பாஸ் எறிகிறார். அது எதிராளியின் முதுகில் பட்டு அவரிடமே திரும்பி வருகிறது. இப்போது அவர் புதிதாகத் தட்டலாம். எதிராளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பந்து பட்டதே அவருக்குத் தெரியாது என்றெல்லாம் வாதம் வரும். தெரிந்து தொட்டாரா தெரியாமல் பட்டதா என்று விதி கேட்பதில்லை.

கூடைக்கு எறிந்த பந்து வளையத்திலும் படாமல் பலகையிலும் படாமல் கீழே வருகிறது, எறிந்தவரே அதைப் பிடித்துவிடுகிறார் என்று வையுங்கள். கூட்டம் கொதிக்கும். ஆனால் அது உண்மையான ஷாட் என்று நடுவர் கருதினால் எந்த மீறலும் இல்லை. ஷாட் எறிந்தவுடனேயே அணியின் கட்டுப்பாடு முடிந்துவிட்டது. ஷாட்டே அல்ல, எதிராளியின் தலைக்கு மேலே தனக்குத்தானே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடிப்போய், தரையில் விழுவதற்குள் பிடித்தார் என்றால் மீறல்தான். இரண்டையும் பிரிப்பது உங்கள் தீர்ப்பு. எறிந்தவரின் கண்ணும் மணிக்கட்டும் எதை நோக்கின என்று பார்க்கப் பழகுங்கள். பந்தைப் பலகையில் எறிந்து தானே வாங்குவதும் டிரிபிளிங் கணக்கில் வராது. தரையில் துள்ளவிடுவதற்கு அது சமம் இல்லை என்று ஃபிபா தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பின்பாதி: கோடு யாருடையது

மைதானம் 28 மீட்டர் நீளம். அதை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர். ஓர் அணி காக்கும் கூடை இருக்கும் பாதி அதன் பின்பாதி. அது தாக்கும் கூடை இருக்கும் பாதி முன்பாதி. நடுக்கோடு பின்பாதியைச் சேர்ந்தது. எந்த அணியிடம் பந்து இருக்கிறதோ அந்த அணியின் பின்பாதியாக அது ஆகிவிடும். அந்த 5 சென்டிமீட்டரில் கால் நுனி பட்டாலும் பின்பாதியில் கால் வைத்ததாகவே கணக்கு.

நம் ஊர்களில் ஒரே தரையில் கைப்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து எல்லாவற்றுக்கும் கோடு போட்டிருப்பார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நடந்து பார்த்து, நடுக்கோட்டின் விளிம்பு எது, என்ன நிறம், எங்கே அழிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மழையிலும் வெயிலிலும் கிடக்கும் மைதானத்தில் நடுவட்டத்துக்கு உள்ளேதான் கோடு முதலில் தேய்ந்துபோகும்.

பின்பாதியில் பந்தைக் கையில் எடுத்த அணி 8 விநாடிக்குள் அதை முன்பாதிக்குக் கொண்டுபோக வேண்டும். 2000-ம் ஆண்டு வரை இது 10 விநாடியாக இருந்தது. கொண்டுபோன பிறகு திருப்பி எடுத்து வரக்கூடாது. அமெரிக்காவில் 1930-களின் தொடக்கத்தில் இந்தக் கோடு ஆட்டத்துக்குள் வந்ததே, முன்னிலையில் இருக்கும் அணி மைதானம் முழுக்கப் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கடத்தி நேரத்தைப் போக்குவதைத் தடுக்கத்தான்.

சரி, 'முன்பாதிக்குப் போய்விட்டது' என்று எப்போது சொல்வது? தட்டிக்கொண்டு வருகிறவருக்கு மூன்று புள்ளிகள் உண்டு: இடது கால், வலது கால், பந்து. மூன்றும் முழுமையாக முன்பாதித் தரையைத் தொட்ட பிறகே அவர் முன்பாதியில் இருக்கிறார். ரோஸ் ஹில்லில் பயிற்சிக்கு வரும் ஒரு பையன் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, 'அவன் ரெண்டு காலும் தாண்டிட்டானே, அப்புறம் திரும்பி வந்தானே, ஏன் ஊதல?' என்று கிரியோலில் கேட்டான். நடந்தது இதுதான். தட்டிக்கொண்டு வந்தவன் இரண்டு காலையும் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டான். ஆனால் பந்து இன்னும் அவனுக்குப் பின்னால், கோட்டுக்கு இந்தப் பக்கம் துள்ளிக்கொண்டிருந்தது. எதிரே இருவர் பாய்ந்து வருவதைப் பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கினான். மூன்றாவது புள்ளி முன்பாதியைத் தொடவே இல்லை. ஆகவே அவன் பின்பாதியை விட்டுப் போகவே இல்லை. 8 விநாடி எண்ணிக்கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என்று கோட்டுக்குக் குறுக்கே நிற்கிறவர் பின்பாதியிலிருந்து பாஸ் வாங்கி, பின்பாதியில் நிற்கும் சக வீரருக்கே திருப்பிக் கொடுக்கலாம். அவர் இரண்டு காலும் முன்பாதியில் இல்லை. கூட்டம் நிச்சயம் கத்தும். நீங்கள் எண்ணிக்கொண்டே இருங்கள்.

மூன்று புள்ளிகளும் ஒருமுறை முன்பாதிக்குப் போய்விட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். இப்போது கால் இரண்டும் முன்பாதியில் இருக்க, பந்து மட்டும் நடுக்கோட்டில் ஒருமுறை துள்ளி, அதை அவரே மறுபடி தொட்டாலும் மீறல். சற்று முன்பு சரியாக இருந்த அதே தட்டு இப்போது தப்பு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னால் என்ன நடந்தது என்பதுதான் வித்தியாசம். அதனால்தான் வரும்போதே மூன்று புள்ளிகளையும் பார்த்து வைக்க வேண்டும். சந்தேகம் வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

மீறல் முழுமையாவது எப்போது

பின்பாதிக்குத் திரும்பிய மீறல் ஆக, சில நிபந்தனைகள் வரிசையாக நிறைவேற வேண்டும். அணி முன்பாதியில் பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். முன்பாதியில் பந்தைக் கடைசியாகத் தொட்டவர் அந்த அணிக்காரராக இருக்க வேண்டும். பிறகு பந்தை முதலில் தொடுகிறவரும் அதே அணிக்காரராக இருக்க வேண்டும்; அவர் உடம்பில் ஏதாவது ஒரு பகுதி பின்பாதியில் பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பந்து பின்பாதித் தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். பந்து கோட்டைத் தாண்டுவது மட்டும் மீறல் ஆகாது. மோசமான ஒரு பாஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் உருண்டு ஓடுகிறது. பின்னாலேயே இரண்டு அணிக்காரர்களும் ஓடுகிறார்கள். எதிரணிக்காரர் முதலில் எடுத்தால் மீறலே நடக்கவில்லை. அவருக்கு முன்னால் வெறும் மைதானமும் எளிதான கூடையும் இருக்கின்றன. அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஊதினால், தப்புச் செய்யாத அணியின் இரண்டு புள்ளிகளை நீங்களே பறித்துவிடுகிறீர்கள். பொறுத்திருங்கள். தாக்கும் அணிக்காரரின் விரல் பட்ட அந்தக் கணத்தில் ஊதினால் போதும்.

அடுத்து, எதிராளி இடையில் தொட்டால் என்ன ஆகும்? முன்பாதியில் ஒருவர் கொடுத்த பாஸை எதிரணிக்காரர் தட்டிவிட, பந்து பின்பாதிக்கு ஓடுகிறது. தாக்கும் அணி அதை எடுக்கலாம். கடைசியாகத் தொட்டது அவர்கள் இல்லை. அவர்களுக்குப் புதிதாக 8 விநாடி கிடைக்கும். ஆனால் ஷாட் எறிவதற்கான 24 விநாடிக் கடிகாரம் விட்ட இடத்திலிருந்தே ஓடும். கடிகார மேசையில் உட்காருகிற தம்பி தங்கைகள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் அவசரத்தில் மறுபடியும் 24 போட்டுவிடுவார்கள்.

இதிலேயே ஒரு முடிச்சு உண்டு. எதிராளி தட்டிவிட்ட பந்து நேராகப் பின்பாதிக்குப் போகாமல், போகிற வழியில் முன்பாதியில் நிற்கும் தாக்கும் அணிக்காரரின் முழங்காலில் பட்டுவிட்டுப் போகிறது. அவர் சக வீரர் பின்பாதியில் எடுக்கிறார். இப்போது மீறல். எதிராளி வெறுமனே தட்டியதால் கட்டுப்பாடு மாறவில்லை. முன்பாதியில் கடைசியாகத் தொட்டது அந்த முழங்கால். 'அவன்தானே தட்டிவிட்டான்' என்று பயிற்சியாளர் கையை விரிப்பார். முழங்காலில் பட்டதை நீங்கள் பார்த்திருந்தால் அவருக்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிடலாம்.

காற்றில் பறப்பவர்

குதித்தவர் தரையை விட்ட இடத்தில்தான் இன்னும் இருக்கிறார் என்பது பொது விதி. முன்பாதியிலிருந்து குதித்தால், காற்றில் இருக்கும்வரை அவர் முன்பாதிக்காரர். இதற்கு ஒரு விலக்கு உண்டு: முன்பாதியிலிருந்து குதித்து, காற்றில் இருக்கும்போதே தன் அணிக்குப் புதிதாகக் கட்டுப்பாட்டைப் பெற்றுவிட்டு, பின்பாதியில் இறங்கினால் மீறல் இல்லை. ஆட்டத் தொடக்கத்தில் ஜம்ப் பாலில் (நடுவர் இருவருக்கு நடுவே பந்தை மேலே எறிவது) தட்டப்பட்ட பந்தை ஒருவர் குதித்துப் பிடித்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குவதும், எதிரணியின் பாஸைக் காற்றிலேயே பறித்துக்கொண்டு இறங்குவதும் இந்த விலக்குக்குள் வருகின்றன.

ஆனால் பக்கக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும்போது இந்த விலக்கு உதவாது. முன்பாதிப் பக்கத்தில் நின்று எறிகிறவரின் பாஸை, முன்பாதியிலிருந்து குதித்த சக வீரர் காற்றில் பிடித்துப் பின்பாதியில் இறங்கினால் மீறல்தான். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இறங்கினாலும் அதே முடிவு. பந்து எறிகிறவர் கையில் இருக்கும்போதே அந்த அணிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. காற்றில் பிடித்தவர் புதிதாக எதையும் பெறவில்லை. 'புதிதாக' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் காற்றில் நடக்கும் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம்.

இரண்டு நடுவர்கள் மட்டும் உள்ள ஆட்டத்தில், பந்துக்குப் பின்னால் வருகிறவரின் பொறுப்பு நடுக்கோடு. முன்னால் ஓடிப்போய்க் கூடைக்கு அடியில் நிற்கிறவருக்கு அங்கிருந்து கால் நுனி தெரியாது. அவர் ஊதவும் கூடாது. பின்னால் வருகிறவர் சோம்பல்பட்டுத் தன் கூடைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டால் அவருக்கும் தெரியாது. தட்டிக்கொண்டு போகிறவருக்குச் சற்றுப் பின்னால், ஒரு பக்கமாக, பந்தும் கோடும் ஒரே பார்வையில் வரும்படி நடந்து வர வேண்டும்.

ஊதிய பிறகு கையை உடம்புக்கு முன்னால் வீசிக் காட்டி, எந்தப் பக்கம் பந்து போகிறது என்று விரலால் காட்டுங்கள். எதிரணி தன் முன்பாதியில், மீறல் நடந்த இடத்துக்கு மிக அருகில் மைதானத்துக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறியும். பலகைக்கு நேர்ப் பின்னால் மட்டும் கூடாது.